அரிசி அசையாமல் நிற்கிறது, உளுந்து மட்டும் ஏன் ஆடுகிறது?

மண்டித்தெரு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் எங்களுடையது தானியக் கடை. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் ஓடும். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். தொழிலில் இருப்பவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

பக்கத்து மாநிலத்தில் கலவரம், பந்த் என்றால் ஜனங்கள் முதலில் பயப்படுவது அரிசிக்குத்தான். 2013இல் ஆந்திர மாநிலப் பிரிவினையை எதிர்த்து சீமாந்திராவில் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகளை எரித்தார்கள். இரண்டு முறையும் கடைக்கு ஓடிவந்து கூடுதலாக ஒரு மூட்டை வாங்கிப் போனார்கள். விலை கொஞ்சம் ஏறியது, அப்புறம் தானாக இறங்கியது. அரிசி இல்லை என்று கடையைச் சாத்தும் நிலை வரவே இல்லை.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வேலூரில் யாரும் அதைப் பேசவில்லை, ஆனால் கடையில் உளுந்து விலை ஏறியது. மறுவருடம் பிப்ரவரி 24 உக்ரைன் போர். சூரியகாந்தி எண்ணெய்க்கு நாம் உக்ரைனையும் ரஷ்யாவையும்தான் நம்பியிருந்தோம், அது எட்டாத விலைக்குப் போனது. சரி, பாமாயிலுக்கு மாறலாம் என்றால் ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. மூன்று வாரம் கழித்துத் திறந்தார்கள். அந்த மூன்று வாரத்தில் என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்பது என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு பொருள் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதை விட, எத்தனை வழியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். வேலூருக்கு அரிசி வர ஐந்தாறு வாசல் இருக்கிறது. ஆரணி, களம்பூர், செய்யாறு மில் அரிசி காலையில் போன் செய்தால் மாலைக்குள் வந்துவிடும். நெல்லூர் அரிசி உண்டு, கிருஷ்ணகிரி வழியாகக் கர்நாடகப் பொன்னி உண்டு, டெல்டா நெல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் ரேஷன் உண்டு. உளுந்தில் உள்நாட்டு விளைச்சல் போதாத வருடம் மியான்மரின் ரங்கூனை விட்டால் ரொம்ப நாள் வேறு ஆள் இருந்ததில்லை. இப்போதுதான் பிரேசிலில் இருந்து கொஞ்சம் வருகிறது.

இது சரியா? உங்கள் அனுபவம் என்ன?

காட்பாடி_லாரி

அண்ணா சொல்வது சரி. ரோட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

2013இல் சித்தூர் ரோடு எந்த நாள் திறந்திருக்கும், எந்த நாள் மூடியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆந்திரா பஸ் ஓடவில்லை. ஆனால் சரக்கு வண்டி முழுசாக நிற்கவில்லை. நெல்லூரில் ஏற்றும் லோடை திருப்பதி, சித்தூர் வழியாகக் கொண்டுவராமல் கும்மிடிப்பூண்டிக்கு இறக்கி, சென்னையைச் சுற்றி, ராணிப்பேட்டை வழியாகக் கொண்டுவந்தோம். கிலோமீட்டர் கூடும், டீசல் கூடும், வாடகை கூடும். அதுதான் கடையில் மூட்டைக்குக் கொஞ்சம் ஏறும் விலை. சரக்கு வந்துவிடும்.

2016இல் வேறு மாதிரி. நம்பர் பிளேட்டைப் பார்த்து அடித்தார்கள். ஓசூர் வரை நம் வண்டி, அங்கிருந்து அவர்கள் வண்டி என்று சரக்கை எல்லையில் மாற்றி ஏற்றினோம். இரண்டு தடவை ஏற்று கூலி, இரண்டு தடவை இறக்கு கூலி, கிழிகிற மூட்டை தனி. அரிசி அதைத் தாங்கும். கோலார் தக்காளி தாங்காது, ஒரு நாள் வெயிலில் நின்றால் கொட்டத்தான் வேண்டும்.

எந்த ரோடு திறந்திருக்கிறது என்பதை டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் போனில் சொல்லிக்கொள்வார்கள். டிவியில் வருவதற்கு அரை நாள் முன்பே எங்களுக்குத் தெரியும்.

சைனகுண்டா_பக்கம்

எங்கள் ஊரில் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டினார்களே! 2020 ஏப்ரல் கடைசியில், ஊரடங்கின்போது, சைனகுண்டாவிலும் பொன்னையிலும் ஆந்திர எல்லையில் ஹாலோ பிளாக் வைத்துச் சுவர் எழுப்பினார்கள். ஓரிரு நாளில் இடித்துவிட்டார்கள். பால், காய்கறி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே ஊர் மாதிரி வாழ்கிற இடம் இது. கலவரக்காரர்கள் கல்லைப் போட்டு மறித்தால் ஓரமாக வண்டி போக வழி கிடைக்கும். அரசாங்கம் சுவர் கட்டினால் என்ன செய்வது?

ஆரணி_அறவை

மேலே சொன்ன தம்பி பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டார். மில்காரன் பக்கத்தில் இருந்து நான் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று சாகுபடிப் பட்டம். ஏதாவது ஒரு நெல் எப்போதும் களத்துக்கு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மில்லிலும் சில வாரத்துக்கான நெல் கிடங்கில் கிடக்கும். பெரிய மில், சின்ன மில், கமிஷன் மண்டி, சில்லறைக் கடை, வீட்டில் வாங்கி வைத்த சிப்பம் என்று அரிசி ஆயிரக்கணக்கான இடத்தில் சிதறிக் கிடக்கிறது. யாரும் திட்டம் போட்டு இப்படி வைக்கவில்லை. தொழில் நடக்கிற விதமே இப்படி. இருப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு இடத்தைக் காட்ட முடியாது, அதனால் ஒரே அடியில் முடக்கவும் முடியாது.

எங்களை ஆட்டி வைப்பது உத்தரவு. 2022 செப்டம்பர் 8ஆம் தேதி நொய் ஏற்றுமதிக்குத் தடை, பச்சரிசிக்கு 20 சதவீத வரி என்று உத்தரவு வந்தது, மறுநாளே அமல். 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு முழுத் தடை. ஆகஸ்ட் 25 புழுங்கலுக்கு 20 சதவீத வரி. 2024 செப்டம்பர், அக்டோபரில் ஒவ்வொன்றாக எடுத்தார்கள், நொய்த் தடையை மட்டும் 2025 மார்ச்சில்தான் எடுத்தார்கள். உலக அரிசி ஏற்றுமதியில் 40 சதவீதம் அளவுக்கு நம் நாட்டுடையது. இங்கே ஒரு கையெழுத்து விழுந்ததும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் டன் 600 டாலரைத் தாண்டியது. அரிசி வாங்கிச் சாப்பிடும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நான் ஏற்றுமதி செய்கிறவன் இல்லை. ஆனாலும் அடி என் மேலும் விழுகிறது. காக்கிநாடா துறைமுகத்தில் கதவு மூடினால் அங்கே போகவேண்டிய ஆந்திர அரிசி நம் சந்தைக்குத் திரும்பும், நான் அதிக விலைக்கு வாங்கிய நெல் கிடங்கில் அழும். கதவு திறந்தால் ஆந்திர வியாபாரி திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டு வரைக்கும் வந்து நெல்லைக் கேட்பார், எனக்கு அறவைக்கு நெல் கிடைக்காது. பேங்கு வட்டி மட்டும் இரண்டு காலத்திலும் ஒன்றுதான்.

போராட்டம் என்றால் தேதி சொல்லிவிட்டு வரும். உத்தரவு ராத்திரியில் வரும். நாட்டுக்கு அரிசி முதலில், ஏற்றுமதி பிறகு என்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஒரு மாதம் முன்னால் சொன்னால் மில்காரனும் விவசாயியும் தாங்கிக்கொள்வார்கள்.

இடையில் 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்துப் பெயர் போட்ட 25 கிலோ வரைக்குமான அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒரே வாரத்தில் ஊரெல்லாம் 26 கிலோ சிப்பம். தொழில் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

நியாயவிலை_ஓய்வு

கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மண்டிக்காரரும் மில்காரரும் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு முக்கியமான ஆளை இரண்டு பேரும் ஓரத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

விலை "கொஞ்சம்" ஏறியது என்கிறீர்களே, அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்க முடிந்தவர்களுக்குத்தான் அரிசி அசையாமல் நின்றது. கூலிக்குப் போகிற வீட்டில் பந்த் அன்றைக்கு வேலையும் இல்லை, காசும் இல்லை. அவர்கள் ராத்திரி உலை வைத்தது ரேஷன் அரிசியால்.

அது சும்மா வந்ததில்லை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. சென்னை மாகாணம் அதை நம்பியிருந்தது. அதற்கப்புறம் ரேஷன் முறை வந்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார், அப்போது அது பலித்தது. அறுபதுகளின் நடுவில் மறுபடியும் பஞ்சம், அரிசிக்கு வரிசை. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற ஒரே வாக்குறுதி என்னென்ன செய்தது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997இல் மத்திய அரசு, ஏழைகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையில்லாமல் கொடுக்கிறார்கள். நடுவில் எத்தனை ஆட்சி மாறியது! 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதா இறந்தார், அதற்கு முந்தைய மாதம்தான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள், மூன்று மாதத்துக்குள் மூன்று முதல்வர். ரேஷன் கடையில் அரிசி போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

சண்டை மேல்மட்டத்தில் வந்தால் இதுவும் சிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் மத்தியத் தொகுப்பில் இருந்து மாநிலங்களுக்கு அரிசி விற்பதை நிறுத்தினார்கள். கர்நாடகம் கூடுதலாக ஐந்து கிலோ தருவதாகச் சொல்லியிருந்தது, அரிசி கிடைக்கவில்லை, கிலோவுக்கு 34 ரூபாய் என்று பணமாகக் கொடுத்தது. பணத்தை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் சந்தை விலைக்குத்தானே வாங்க வேண்டும்?

மண்டித்தெரு

ஐயா சொன்னதை முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். ரேஷனை நான் ஐந்தாறு வாசலில் ஒன்றாக எண்ணினேன். ஏழை வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசல் என்றால் கணக்கே மாறுகிறது. அதே சமயம், அந்த அரிசியை ரயிலிலும் வேனிலும் காட்பாடி வழியாக எல்லை தாண்டிக் கடத்துகிறார்களே, பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. வாசலைத் திறந்து வைத்தால் போதாது, காவலும் வேண்டும்.

கிளிநொச்சி_வேலூர்

நான் இலங்கையில் பிறந்து இங்கே வளர்ந்தவள். சொந்தக்காரர் இன்னமும் வன்னியில் வயல் செய்கிறார்கள்.

எங்கள் சனத்துக்கு அரிசி வெளியில் இருந்து வர வேண்டியதில்லை, ஊரிலேயே விளையும். அப்படிப் பார்த்தால் எந்தக் குழப்பத்திலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். 2021 ஏப்ரலில் ரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் பெரும்போக (மழைக்காலப் பெரிய பருவ) நெல்லுக்கு யூரியா இல்லை. விளைச்சல் விழுந்தது. பிறகு டாலர் இல்லை, டீசல் இல்லை. வயலில் கொஞ்சம் விளைந்திருந்தாலும் அறுக்கிற மெஷினுக்கு எண்ணெய் வேண்டும், ஏற்றுகிற லாரிக்கு எண்ணெய் வேண்டும். தன்னிறைவு என்று சொன்ன நாடு லட்சக்கணக்கான டன் அரிசி இறக்குமதி செய்தது. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார்.

அதனால் மண்டித்தெரு அண்ணா, நெல் எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்த நெல்லுக்குப் போட்ட உரமும் டீசலும் எந்த வழியாக வருகின்றன என்றும் பார்க்க வேண்டும். ஆரணி நெல்லும் யூரியாவில்தான் விளைகிறது.

2022 மே 18ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து தமிழ்நாட்டு அரிசியுடன் முதல் கப்பல் புறப்பட்டது. மொத்தம் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்து என்று அனுப்பினார்கள். எங்கள் ஊர் வீட்டுக்கும் ஒரு பொதி வந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆரணி_அறவை

தங்கச்சி, உரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. நாங்கள் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஆம்பூர்_பாய்

பெய்ரூட்டில் வேலை பார்த்த சொந்தக்காரர் எனக்கு உண்டு. ஒரே வாசல் என்றால் என்ன ஆகும் என்பதற்கு லெபனானைப் பாருங்கள். அவர்களுக்கு அரிசி இடத்தில் ரொட்டி. பெய்ரூட் துறைமுகத்தில் 1,20,000 டன் கொள்ளும் தானியக் களஞ்சியம் இருந்தது, 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி வெடிப்பில் போனது. அதற்குப் பிறகு பெரிய இருப்பு வைக்க இடமில்லை. உக்ரைன் போர் தொடங்கியபோது கையில் ஒரு மாத அளவுக்குத்தான் கோதுமை.

இன்னொன்று. 2022 ஜூலை 22இல் இஸ்தான்புல்லில் ஒப்பந்தம் போட்டு, கருங்கடல் வழியாகத் தானியக் கப்பல்களை விட்டார்கள். முதல் கப்பல் ரஸோனி, ஒடெஸாவில் இருந்து 26,000 டன்னுக்கு மேல் மக்காச்சோளத்துடன் லெபனானின் திரிபோலிக்குப் புறப்பட்டது. உலகமே டிவியில் பார்த்தது. ஐந்து மாதம் தாமதம் என்று சொல்லி வாங்க வேண்டியவரே வேண்டாம் என்றுவிட்டார், சரக்கு வேறு நாட்டுக்குப் போனது. கடல் திறந்துவிட்டால் சாப்பாடு வந்துவிடும் என்று நினைக்கிறோம். வாங்குகிறவன், விற்கிறவன், பணம் கட்டுகிற பேங்கு எல்லாம் ஒன்றாகத் திறக்க வேண்டும். அந்த ஒப்பந்தமும் 2023 ஜூலை 17இல் முடிந்துபோனது.

மண்டித்தெரு

பாய் பேங்கு என்று சொன்னதால் உளுந்துக்கு வருகிறேன். மியான்மரில் 2021இல் வயலில் உளுந்து இருந்தது. பேங்கு மூடியிருந்தது, துறைமுக ஊழியர்கள் வேலைக்கு வரவில்லை, அவர்கள் நாணயமான கியாட் சரிந்துகொண்டே போனது. ரங்கூன் வியாபாரி இன்று விற்று வாங்கும் பணம் நாளைக்கு என்ன மதிப்பு என்று தெரியாமல் சரக்கைப் பிடித்து வைப்பார். அது அவர் தப்பில்லை. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்து வருடத்துக்கு இரண்டு நாடும் பேசி வைத்தன. அப்புறம் 2024இல் டாலர் இல்லாமல் ரூபாயிலேயே பணம் செலுத்தவும் ஏற்பாடு செய்தார்கள். பணம் போக இன்னொரு வழி திறந்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

துவரையிலும் இதே கதை. மொசாம்பிக்கில் 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு கலவரம். நம் சாம்பாருக்குத் துவரை அங்கே இருந்தும் வருகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தான்சானியாவும் மலாவியும் இருப்பதால் சமாளித்தோம்.

லாட்ஜ்_மெஸ்

வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்கதேசக்காரர்களை நம்பி மெஸ் நடத்துகிறோம். 2024 ஆகஸ்ட் 5இல் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. அப்புறம் விசா இல்லை, ஆள் வரவில்லை. எங்களுக்கு அரிசி இருந்தது, கடுகெண்ணெய் இருந்தது, சாப்பிட ஆள் இல்லை. சாப்பிடுகிறவர் பக்கமும் வழி அடைபடும் என்பதை எழுதி வையுங்கள். சமையல்காரர், பாத்திரம் கழுவுகிற அக்கா, தினமும் மீன் கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் வருமானம் போனது.

கோட்டை_அகழி

வரலாறு பிடிக்கும் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 1780இல் மைசூரின் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் (அப்போது ஆற்காட்டு நவாப் சீமைக்கு அந்தப் பெயர்) இறங்கினார். நம் ஆற்காட்டுச் சீமைதான் போர்க்களம். கிராமங்கள் எரிந்தன, குளங்கள் உடைந்தன, விதைக்க ஆளில்லை. வேலூர்க் கோட்டைக்குள் ஆங்கிலேயக் கும்பினிப் படை அடைபட்டுக் கிடந்தது. அவர்கள் தளபதி அயர் கூட் சோளிங்கரில் 1781 செப்டம்பரில் ஜெயித்தும் ஹைதரை விரட்ட முடியவில்லை. காரணம் அரிசியும் அதைச் சுமக்க மாடும் இல்லாததுதான். 1782 ஜனவரியில் மறுபடியும் அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து கோட்டைக்குள் சேர்த்தபிறகே வேலூர் தப்பியது. படைகளுக்குத் தானியம் சுமந்தவர்கள் பெரும்பாலும் பொதிமாடு ஓட்டிய லம்பாடி வியாபாரிகள். யார் பக்கம் ஜெயித்தாலும் அவர்கள் மாடு நடந்தது.

அதே வருடம் சென்னையில் பஞ்சம், மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி. கோட்டைக்குள் இருந்தவனுக்கு மூட்டை வந்தது. வெளியே கிராமத்தில் கிடந்தவனுக்கு யார் கொண்டுவந்தார்கள்? நியாயவிலை ஐயா கேட்ட கேள்வியும் இதுதான்.

செய்யாறு_மல்லாட்டை

நான் விவசாயி. எல்லோரும் வழி, வாசல் என்று பேசுகிறீர்கள். உளுந்துக்கு எங்கள் வயலும் ஒரு வாசல். அதை யார் மூடியது?

முன்பெல்லாம் மானாவாரி மல்லாட்டையில் (வேர்க்கடலையில்) வரிசைக்கு நடுவே துவரை போடுவோம், ஓரத்தில் உளுந்து, காராமணி. வீட்டுக்கும் ஆச்சு, மீதியை மண்டிக்கும் போடலாம். மல்லாட்டை எண்ணெய் ஊர்ச் செக்கிலேயே ஆடினோம். பாமாயில் மலிவாக வந்ததும் செக்கு நின்றது. பருப்பு விலை கொஞ்சம் ஏறினாலே வரியில்லா இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். உளுந்துக்கு 2025-26க்கு ஆதார விலை குவிண்டால் 7,800 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. அந்த விலைக்கு எடுக்க எங்கள் பக்கத்தில் ஆள் வேண்டுமே. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, 40 கிலோ மூட்டை போட்டு எடுக்கிறார்கள், அதனால் எல்லோரும் நெல்லையே நடுகிறோம். அரிசி நிற்பதும் உளுந்து ஆடுவதும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

மண்டித்தெரு

நியாயமான கேள்வி. நாங்களும் ரங்கூன் சரக்கு சல்லிசாக வரும்போது உள்ளூர் உளுந்தைக் கேட்டு வாங்குவதில்லை. இந்த வருடம் நீங்கள் போட்டால் நான் எடுத்துக்கொள்கிறேன். செய்யாற்றில் எந்தப் பட்டம் ஒத்துவரும்?

செய்யாறு_மல்லாட்டை

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரம் இருக்கும்போதே விதைத்துவிடலாம். டெல்டாவில் அப்படித்தான் செய்கிறார்கள், ஆடுதுறை 3 ரகம் அதற்கு வரும். ஆனால் அறுப்பு மெஷின் ஏறினால் முளைத்ததை மிதித்துவிடும். அதனால் அறுத்தபிறகு ஒரு உழவு ஓட்டி வம்பன் 8 ரகம் போடலாம் என்று இருக்கிறேன். 65, 70 நாளில் வந்துவிடும், மஞ்சள் தேமல் நோயும் அவ்வளவாகத் தாக்காது. விலையை மட்டும் விதைக்கும்போதே பேசிவிடுங்கள்.

மண்டித்தெரு

ஆதார விலைக்குக் குறையாமல் தருகிறேன். சந்தை மேலே போனால் அந்த விலை. காய்ந்த சரக்காக இருக்கட்டும், வண்டி நான் அனுப்புகிறேன். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஆரணி_அறவை

என் மில் ஓரம் இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. விதை எங்கே கிடைக்கும் என்று எனக்கும் சொல்லுங்கள்.

செய்யாறு_மல்லாட்டை

வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள், மானியத்தில் தருவார்கள். ஏக்கருக்கு 8 கிலோ போதும். ரைசோபியம் நுண்ணுயிர் உரப் பாக்கெட்டையும் சேர்த்து வாங்கி, கஞ்சியில் கலந்து நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்திவிட்டு விதையுங்கள்.